விரல் நுனிக்கு எழுத்துத் தந்தவர்

லூயி பிரெயில் வாழ்க்கை வரலாறு

பிரான்சு நாட்டின் தலைநகரம் பாரீஸ். அங்கிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் கூப்ரே என்ற சிற்றூர் வரும். அந்த ஊரில் சீமோன் ரெனே பிரெயில் என்று ஒரு தொழிலாளி இருந்தார். குதிரைகளுக்குச் சேணம், கடிவாளம், வார் முதலியவற்றைத் தோலால் செய்து கொடுப்பது அவர் தொழில்.

அவருக்கும் அவர் மனைவி மோனிக்குக்கும் நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளைதான் லூயி. 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி பிறந்தான்.

பட்டறை வீட்டோடு சேர்ந்தே இருந்தது. தந்தை தோலை வெட்டுவதையும் துளை போடுவதையும் குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் செய்வதைத் தானும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எந்தக் குழந்தைக்குத்தான் இல்லை?

லூயிக்கு மூன்று வயது. ஒரு நாள் பட்டறையில் கிடந்த கூரான கருவி ஒன்றைக் கையில் எடுத்தான். தோலில் குத்திப் பார்த்தான். கருவி வழுக்கியது. கண்ணில் பாய்ந்தது.

அந்தக் காலத்தில் சீழ்ப் பிடிப்பதைத் தடுக்க மருந்து கிடையாது. குத்துப்பட்ட கண் கெட்டது. அதோடு நிற்கவில்லை. நல்ல கண்ணுக்கும் நோய் பரவியது. ஐந்து வயதாவதற்குள் இரண்டு கண்களிலும் பார்வை முழுவதும் போய்விட்டது.

பள்ளிக்குப் போன பிள்ளை

கண் தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்கு அப்போது என்ன கதி? பெரும்பாலோர் தெருவில் நின்று கை நீட்டினார்கள். பிரான்சில் மட்டும் அல்ல, எல்லா நாட்டிலும் அதே நிலைதான்.

லூயியின் பெற்றோர் பிள்ளையை அப்படி விட்டுவிடவில்லை. ஒரு கோலைக் கையில் கொடுத்து, வழி தட்டி நடக்கப் பழக்கினார்கள். வீட்டு வேலையும் கொடுத்தார்கள். தந்தை ஒரு பலகையில் ஆணிகளை எழுத்து வடிவத்தில் அடித்து, அவற்றைத் தடவிப் பார்க்கச் செய்தார் என்றும் சொல்வார்கள்.

1815-ல் பாலுயி என்ற பாதிரியார் அந்த ஊருக்கு வந்தார். பையனின் அறிவைக் கண்டு, அவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் பெஷரேயிடம் சேர்த்துவிட்டார். கண்ணுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து லூயியும் பெஞ்சியில் உட்கார்ந்தான்.

ஆசிரியர் சொல்வதைக் கேட்பான். ஒரு முறை கேட்டால் போதும், மனதில் நின்றுவிடும். கணக்கு கேட்டால் மனக்கணக்காகவே விடை சொல்வான். வகுப்பில் நல்ல பெயர் வாங்கினான்.

ஆனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும்போது அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். அவர்கள் எழுதும்போதும் சும்மா உட்கார்ந்திருந்தான். கேட்பது, நினைவில் வைப்பது, திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான் அவனால் முடிந்தது. படிக்கவும் முடியாது. எழுதவும் முடியாது.

உலகத்தின் முதல் பள்ளி

பாரீஸ் நகரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு என்றே ஒரு பள்ளி இருப்பது பாதிரியாருக்குத் தெரிய வந்தது. ஊர்ப் பிரபு ஒருவரின் உதவியால் லூயிக்கு அங்கே இலவசமாக இடம் கிடைத்தது. 1819-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி அவன் அந்தப் பள்ளியில் சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது 10.

அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் வாலந்தின் ஹவுயி என்ற பெரியவர். 1771-ல் பாரீசில் நடந்த ஒரு சந்தையில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். பார்வையற்ற சிலருக்குக் கோமாளி வேஷம் போட்டு, கையில் வாத்தியங்களைக் கொடுத்து, கன்னாபின்னா என்று வாசிக்க வைத்திருந்தார்கள். கூட்டம் சுற்றி நின்று சிரித்தது. ஹவுயிக்கு நெஞ்சு கொதித்தது. இவர்களுக்குக் கல்வி கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தார்.

தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த லெசூயர் என்ற இளைஞனை அழைத்து வந்து முதல் மாணவன் ஆக்கினார். இப்படித்தான் உலகத்திலேயே முதலாவது பார்வையற்றோர் பள்ளி பிறந்தது.

ஹவுயி ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஈரமான கெட்டித் தாளை ஈய அச்சு எழுத்தின் மேல் வைத்து அழுத்தினால், எழுத்து மேடாக எழும்பி நிற்கும். அதை விரலால் தடவிப் படிக்கலாம். அதுவரை கண்ணுக்கு மட்டும் சொந்தமாக இருந்த எழுத்து, முதன்முறையாக விரலுக்கும் எட்டியது. இது சாதாரணக் காரியம் அல்ல.

மேடெழுத்தின் சங்கடம்

லூயி ஆசையோடு புத்தகத்தைத் தொட்டான். சீக்கிரத்தில் அதன் குறையும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கண் ஒரு எழுத்தைப் பார்த்தவுடன் முழுதாக அறிந்துகொள்ளும். விரல் அப்படி அல்ல. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் முதல் வார்த்தை மறந்துவிடும்.

எழுத்துகள் பெரியவை. அதனால் புத்தகங்களும் பெரியவை, கனமானவை. செலவு அதிகமாதலால் பள்ளியில் இருந்த புத்தகங்களே கொஞ்சம்தான்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த எழுத்தைப் பிள்ளைகள் தாங்களே எழுத முடியாது! ஈய அச்சும், அழுத்தும் இயந்திரமும் இருந்தால்தான் அந்த எழுத்து உண்டாகும். தன் மனதில் தோன்றியதை ஒரு பிள்ளை குறித்து வைத்துக்கொள்ள வழியில்லை. எழுதி, அழித்து, திருத்திப் பழகவும் வழியில்லை.

ஆகவே பள்ளி மாறினாலும் கதை மாறவில்லை. ஆசிரியர் வாசித்தார், பிள்ளைகள் கேட்டார்கள்.

இராணுவக்காரரின் புள்ளிகள்

1821-ல் சார்லஸ் பார்பியே என்பவரின் எழுத்து முறை பள்ளிக்கு வந்தது. பார்பியே பீரங்கிப் படையில் பணி செய்தவர். இருட்டில் போர் வீரர்கள் செய்தி படிப்பதற்காக அவர் இதை உண்டாக்கினார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பள்ளிக்குப் போய்ப் படிக்க முடியாத எளியவர்கள் சுலபமாக எழுதப் பழக வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம்.

அவர் கோடுகளை விட்டுவிட்டார். புள்ளிகளை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு மொழியின் ஒலிகளை ஆறு வரிசையாகவும், வரிசைக்கு ஆறாகவும் அடுக்கினார். மொத்தம் 36 ஒலிகள். எந்த வரிசை என்பதை இடது பக்கப் புள்ளிகள் காட்டும். அந்த வரிசையில் எத்தனையாவது ஒலி என்பதை வலது பக்கப் புள்ளிகள் காட்டும்.

இதை எழுத ஒரு பலகையும் சிறு ஊசியும் போதும். காகிதத்தை வைத்துக் குத்தினால் மறுபக்கம் புள்ளி எழும்பும். இதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இயந்திரம் வேண்டாம். அச்சு வேண்டாம். நாமே எழுதலாம்!

ஆனால் லூயிக்குத் திருப்தி உண்டாகவில்லை. ஒரு ஒலிக்கு 12 புள்ளிகள் வரை தேவைப்பட்டன. அவ்வளவும் ஒரு விரல் நுனிக்குள் அடங்காது. மேலும் கீழுமாகத் தடவி எண்ண வேண்டும். கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. எண்கள் இல்லை. இசைக் குறிகள் இல்லை.

எழுத்துக்கூட்டலும் இல்லை. அது ஒலியை மட்டும் எழுதும் முறை. தமிழில் கரி என்று ஒரு சொல், கறி என்று ஒரு சொல். பேச்சில் இரண்டும் நம்மில் பலருக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுதும்போதுதான் வேறுபாடு தெரியும். பிரெஞ்சு மொழியில் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். ஒலியை மட்டும் படித்த பிள்ளை, சொல்லைச் சரியாக எழுதவே கற்றுக்கொள்ளாது.

பார்வையற்றவர்களுக்கு இவ்வளவு போதும் என்று பார்பியே எண்ணினார். லூயி அப்படி எண்ணவில்லை. கண்ணுள்ள மாணவனுக்கு எழுத்தில் என்னென்ன கிடைக்கிறதோ, அவ்வளவும் தனக்கும் வேண்டும் என்று நினைத்தான்.

ஆறே புள்ளி

பகலில் பாடம் இருக்கும். ஆகையால் லூயி இரவில் உட்கார்ந்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் பலகையும் ஊசியும் கூடவே போகும். குத்துவான், தடவிப் பார்ப்பான், மாற்றுவான், மறுபடி குத்துவான்.

1824-ல் அவனுடைய எழுத்து ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. அப்போது அவனுக்கு வயது 15 தான்!

பல்லாங்குழிப் பலகையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வரிசைக்கு மூன்று குழி மட்டும் உள்ள ஒரு சிறு பல்லாங்குழியை நிமிர்த்தி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. இந்த ஆறு இடங்களில் சில இடங்களில் புள்ளி எழும்பி இருக்கும். சில இடங்கள் வெறுமையாக இருக்கும். எங்கே புள்ளி, எங்கே வெறுமை என்பதைக் கொண்டே எழுத்து அமைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி 63 வகைகளில் புள்ளிகளை அமைக்கலாம்.

லூயி அவற்றை ஒழுங்காகப் பிரித்தான். முதல் பத்து எழுத்துகளுக்கு மேலே உள்ள நான்கு இடங்கள் மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு 3-ம் இடத்தில் ஒரு புள்ளி கூடுதல். அதற்கு அடுத்த வரிசைக்கு 3, 6 இரண்டிலும் புள்ளி. முதல் பத்தைக் கற்றுவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும்.

ஆறு புள்ளிகளும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கின. தடவித் துழாவ வேண்டியதில்லை. விரலை வைத்தவுடன் எழுத்து முழுதாகத் தெரிந்தது. எழுத்துக்கூட்டல் வந்தது. கமாவும் முற்றுப்புள்ளியும் வந்தன. எண்களும், இசைக் குறிகளும்கூட இதே ஆறு புள்ளிகளில் வந்தன.

1829-ல் இந்த முறையை விளக்கும் புத்தகம் வெளியாயிற்று. அதில் பார்பியேயின் முறையிலிருந்துதான் தமக்கு வழி கிடைத்தது என்பதை லூயி நன்றியோடு குறிப்பிட்டார். அந்தப் புத்தகம் பழைய மேடெழுத்தில்தான் அச்சாயிற்று. புதிய எழுத்தை அப்போது வேறு யாருக்குத் தெரியும்?

வகுப்பு மாறியது

படித்த பள்ளியிலேயே லூயிக்கு வேலை கிடைத்தது. 1828-ல் உதவி ஆசிரியர். 1833-ல் முழு ஆசிரியர். இலக்கணம், வரலாறு, பூகோளம், கணக்கு, இசை எல்லாம் கற்பித்தார். ஆர்கன் வாசிப்பதிலும் வல்லவர். பாரீஸ் மாதாகோயில்களில் வாசித்தார்.

புதிய எழுத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.

வகுப்பின் போக்கே மாறியது. ஆசிரியர் பாடம் சொல்லும்போது பிள்ளைகளின் ஊசிகள் காகிதத்தில் குத்திக்கொண்டே இருந்தன. சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். மாலையில் எடுத்துப் படித்தார்கள். பிழை இருந்தால் திருத்தினார்கள். கணக்கை எழுதிப் போட்டார்கள். பாட்டின் இசைக் குறிகளைப் பிரதி எடுத்தார்கள். ஒருவருக்கு ஒருவர் கடிதம் எழுதினார்கள். புத்தகம் இல்லையா? தாங்களே எழுதிப் புத்தகம் ஆக்கிக்கொண்டார்கள்!

அதுவரை காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், இப்போது கையையும் மனதையும் சேர்த்துப் படிப்பில் போட்டார்கள். கேட்பவர்களாக இருந்தவர்கள் செய்பவர்களாக ஆனார்கள்.

அப்போது பள்ளித் தலைவராக இருந்த பீனியே இதற்கு இடம் கொடுத்தார். 1837-ல் பள்ளி அச்சகத்திலேயே பிரான்சு நாட்டு வரலாறு மூன்று பாகங்களாகப் புள்ளி எழுத்தில் வெளிவந்தது. உலகத்தில் முதன்முதலாக அச்சான பிரெயில் பாடப்புத்தகம் அதுதான். எழுத்தைத் திருத்தி அமைத்த இரண்டாவது பதிப்பையும் பிரெயில் அதே ஆண்டில் வெளியிட்டார்.

ஒரு நியாயமான கேள்வி

இவ்வளவு நல்ல எழுத்தை அதிகாரிகள் ஏன் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை?

அவர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. மேடெழுத்தைக் கண்ணுள்ள ஆசிரியரும் படிக்கலாம், கண் இல்லாத மாணவனும் படிக்கலாம். புள்ளி எழுத்து அப்படி அல்ல. பார்வையற்றவர்கள் தனி எழுத்து வைத்துக்கொண்டால் மற்ற மக்களை விட்டுப் பிரிந்து போய்விட மாட்டார்களா?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் கண்ணால் படிப்பவர்கள். மேடெழுத்து அவர்கள் கண்ணுக்கு அழகாக இருந்தது. விரல் படும் பாடு அவர்களுக்குத் தெரியவில்லை. புதிய எழுத்தைத் தாங்களும் கற்க வேண்டுமே என்ற தயக்கமும் ஆசிரியர்களுக்கு இருந்தது.

பிரெயில் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. அந்தக் கேள்விக்கும் ஒரு கருவியால் விடை கண்டார். 1839-ல் இன்னொரு முறையை வெளியிட்டார். சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் அமைக்கும் முறை அது. எழுத்தின் உயரத்துக்குப் பத்துப் புள்ளி வரை இடம். எந்தெந்த இடத்தில் குத்த வேண்டும் என்று எண்களைக் கொண்ட பட்டியல் உண்டு. பார்வையற்ற பிள்ளை அதன்படி குத்தினால், கண்ணுள்ள தாய் தந்தையர் அந்தக் கடிதத்தைத் தாங்களே படிக்கலாம்.

இப்படிக் குத்துவது மெதுவான வேலை. பள்ளியின் பழைய மாணவரான பூக்கோ அதற்கு ஓர் இயந்திரம் செய்தார். அவரும் பார்வையற்றவர். 1841-ல் உருவான அந்த இயந்திரத்தில் பத்துக் கட்டைகள் இருந்தன. கட்டையை அழுத்தினால் புள்ளி விழும். டைப்ரைட்டர் கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது!

தடை வந்தது

1835 வாக்கில் பிரெயிலை சயரோகம் பிடித்தது. பள்ளிக் கட்டிடம் பழையது. ஈரம் கசிந்து வெளிச்சமும் காற்றும் குறைந்த இடம். அங்கே சிறு வயதிலிருந்து வாழ்ந்தவர் அவர். இருமலும் களைப்பும் அடிக்கடி அவரைப் படுக்கையில் தள்ளின.

1840-ல் பீனியே பதவியை விட்டு விலக்கப்பட்டார். டூபோ என்பவர் தலைவர் ஆனார். டூபோவுக்குப் புள்ளி எழுத்தில் நம்பிக்கை இல்லை. கண்ணுள்ளவர்களும் படிக்கக்கூடிய மேடெழுத்தே சிறந்தது என்பது அவர் கருத்து. வெளிநாட்டுப் பள்ளிகளில் வழங்கிய மேடெழுத்தைக் கொண்டுவந்தார். வகுப்பில் புள்ளி எழுத்து கூடாது என்று தடுத்தார்.

பிரெயில் என்ன செய்வார்? அவர் அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர். நோயாளி வேறு. எதிர்த்துக் கூச்சல் போடும் சுபாவமும் அவருக்குக் கிடையாது.

ஆனால் பிள்ளைகள் விடவில்லை! எழுதும் சுகத்தை ஒரு தடவை கண்டவர்கள் மறுபடியும் சும்மா உட்கார்ந்து கேட்பார்களா? இரகசியமாக எழுதினார்கள். இரகசியமாகப் படித்தார்கள். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். உத்தரவு போட்டுப் பழைய எழுத்தைப் படிக்க வைக்க முடிந்தது. புதிய எழுத்தை மறக்க வைக்க முடியவில்லை.

துணைத் தலைவர் குவாடே இதைக் கவனித்தார். பிள்ளைகள் இவ்வளவு பிடிவாதமாக ஒன்றைப் பற்றிக்கொண்டால், அதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும் என்று உணர்ந்தார். டூபோவிடம் எடுத்துச் சொன்னார்.

எல்லோர் முன்னிலையிலும்

1843-ல் பள்ளிக்குப் புதிய கட்டிடம் கிடைத்தது. 1844-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி திறப்பு விழா. பிரமுகர்கள் வந்து கூடியிருந்தார்கள்.

குவாடே எழுந்து பிரெயிலின் எழுத்து முறையை விளக்கினார். பிறகு சோதனை நடந்தது. சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை புள்ளி எழுத்தில் எழுதியது. வேறொரு பிள்ளை வந்து அந்தத் தாளின் மேல் விரலை ஓட்டி, தடங்கல் இல்லாமல் வாசித்துக் காட்டியது. இசையையும் அவ்வாறே எழுதி வாசித்தார்கள்.

கூட்டம் வியந்தது. டூபோவும் மனம் மாறினார். தடை நீங்கியது. அவைக்குள் பிரெயிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 35.

பெட்டிக்குள் இருந்தது

வாழ்வில் பிரெயில் மிக எளியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஏழை மாணவர்களுக்குக் கொடுப்பார். ஆர்கன் வாசிக்கும் வேலை ஒன்றைத் தம்மைவிடத் தேவை உள்ள ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார்.

1851 முடிவில் நோய் முற்றியது. 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, பிறந்த நாள் முடிந்து இரண்டே நாளில், அவர் உயிர் பிரிந்தது. 43 வயதுதான் வாழ்ந்தார். சொந்த ஊரான கூப்ரேயில் அடக்கம் செய்தார்கள்.

ஒரு சிறு பெட்டியைத் திறக்காமலே எரித்துவிடும்படி அவர் சொல்லி வைத்திருந்தார். ஆவல் தாங்காமல் திறந்து பார்த்தார்கள். உள்ளே பணம் இல்லை. மாணவர்கள் அவரிடம் வாங்கிய கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள் இருந்தன. யாரும் கடனைத் திருப்பித் தர வேண்டாம் என்பதற்காகவே எரிக்கச் சொல்லியிருக்கிறார்!

அவர் இறந்தபோது பிரான்சு நாடு அவருடைய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றிருக்கவில்லை. 1854-ல்தான் ஏற்றது.

விரல் சொன்ன தீர்ப்பு

மற்ற நாடுகளில் ஒரே குழப்பம். பிரிட்டனில் பலவகை மேடெழுத்துகள் போட்டி போட்டன. அமெரிக்காவில் வேறு புள்ளி முறைகளும் கிளம்பின. எது நல்லது என்று யார் முடிவு செய்வது?

பிரிட்டனில் ஆர்மிட்டேஜ் என்ற டாக்டர் பார்வையை இழந்தவர். அவர் 1868-ல் ஒரு சங்கம் அமைத்தார். அதில் கண்ணால் படிப்பவர்களுக்கு இடம் இல்லை. விரலால் படிப்பவர்களே எல்லா முறைகளையும் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று விதி செய்தார். அவர்கள் பிரெயில் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1878-ல் பாரீசில் கூடிய சர்வதேச மாநாடும் அதையே ஆதரித்தது. ஆங்கிலத்துக்கு ஒரே பிரெயில் முறை என்ற உடன்பாடு 1932-ல் ஏற்பட்டது.

இந்தியாவிலும் முதலில் பலவித முறைகள் வழங்கின. அவற்றை ஒன்றாக்கி, 1951-ல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக பாரதி பிரெயில் ஏற்பட்டது. தமிழும் அதில்தான் எழுதப்படுகிறது. நம்முடைய அகரத்துக்கு முதல் இடத்தில் ஒரே ஒரு புள்ளி. ககரத்துக்கு 1, 3 ஆகிய இடங்களில் இரண்டு புள்ளி. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்காக ஒரு பையன் அமைத்த புள்ளிகளில், இன்று தமிழ்ப் பிள்ளைகள் திருக்குறள் படிக்கிறார்கள்.

இன்றைய கருவிகள்

கருவிகளும் வளர்ந்துகொண்டே வந்தன. ஆறு கட்டைகளை அழுத்தி ஒரு எழுத்தை ஒரே அடியில் எழுதும் பெர்க்கின்ஸ் இயந்திரம் 1951-ல் வந்தது. இன்று கம்ப்யூட்டரோடு இணைக்கும் பிரெயில் பட்டை இருக்கிறது. சிறு சிறு முனைகள் அதில் எழும்பும், அடங்கும். திரையில் வரும் சொற்கள் எல்லாம் வரி வரியாக விரலுக்கு வரும். எழுத்தை உரக்கப் படித்துச் சொல்லும் கருவியும் கைப்பேசியிலேயே இருக்கிறது.

குரல் கருவி மிகவும் உதவியானது. ஆனால் அது ஒன்றே போதும், இனிப் பிரெயில் எதற்கு என்று நினைப்பது தவறு. கேட்பது வேறு, எழுதுவது வேறு. கரிக்கும் கறிக்கும் உள்ள வேறுபாட்டைக் காது சொல்லாது, விரல்தான் சொல்லும். பார்பியேயின் முறையில் லூயி கண்ட குறையும் இதுதான்.

பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் இந்த வரலாறு பொருந்தும். வகுப்பில் புதிய கருவி ஒன்று வந்தால் அதன் விலையையும் அழகையும் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அது வந்த பிறகு பிள்ளை சும்மா உட்கார்ந்து பார்க்கிறதா, அல்லது தானே எழுதுகிறதா, செய்கிறதா, தவறினால் திருத்திக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹவுயியின் மேடெழுத்துக்கு அச்சகமே வேண்டியிருந்தது. பிரெயிலுக்கு வேண்டியிருந்தது ஒரு பலகையும் ஊசியும்தான். ஆனால் அந்த ஊசி பிள்ளையின் கையில் இருந்தது.

பிரெயில் மறைந்து நூறு ஆண்டு ஆனபோது, 1952-ல் பிரான்சு நாடு அவருக்குப் பெரிய மரியாதை செய்தது. அவர் உடலைக் கூப்ரேயிலிருந்து எடுத்து, பாரீசில் நாட்டின் மாபெரும் மனிதர்கள் உறங்கும் பாந்தியான் மண்டபத்தில் வைத்தார்கள். அந்த விழாவுக்கு ஹெலன் கெல்லரும் வந்திருந்தார். பிரெயில் பிறந்த ஜனவரி 4-ந் தேதி 2019 முதல் உலகப் பிரெயில் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

உடலைக் கொடுத்த கூப்ரே மக்கள் ஒன்றை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அவை பிரெயிலின் கைகள். அந்தக் கைகள் இன்றும் அவர் பிறந்த ஊர்க் கல்லறையில், ஒரு சிறு பேழையில் இருக்கின்றன.